சொல் மாறலாம், பொருள் மாறலாகாது

ஆங்கிலப் பரீட்சை எழுதுவோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்

ஒருவர் கடைக்கு வந்து நூறு வெள்ளி நோட்டு ஒன்றைக் கொடுத்துச் சில்லறை கேட்கிறார். நாம் பத்து வெள்ளி நோட்டுகள் பத்து எண்ணிக் கொடுக்கிறோம். அவர் கொடுத்த நோட்டு வேறு. நாம் கொடுத்த நோட்டுகள் வேறு. ஆயினும் மதிப்பு ஒன்றே. ஒன்பது நோட்டுகள் கொடுத்தால் அவருக்கு நஷ்டம். பதினொன்று கொடுத்தால் நமக்கு நஷ்டம். அவர் கொடுத்த அதே நோட்டைத் திருப்பிக் கொடுத்தாலோ, சில்லறை மாற்றியதே ஆகாது.

ஆங்கிலப் பரீட்சைகளில் 'பாராஃபிரேஸ்' என்று சொல்லப்படும் கலை இவ்வளவுதான். ஒருவர் எழுதிய வாக்கியத்தை வாங்கிக்கொண்டு, அதே கருத்தை நம்முடைய சொற்களில் திருப்பிக் கொடுப்பது. சொல் மாற வேண்டும். பொருள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் கருத்தையும் குறிக்கிறது, சரக்கையும் குறிக்கிறது. சரக்கை ஒரு பெட்டியிலிருந்து வேறொரு பெட்டிக்கு மாற்றிக் கட்டி, எடை குறையாமல் ஒப்படைக்கத் தெரிந்த நமக்கு இந்தக் கலை அந்நியமானதன்று.

நமக்குப் புதிதுமன்று. சீறாப்புராணத்துக்கும் திருக்குறளுக்கும் நம் புலவர்கள் பதவுரை என்றும் பொழிப்புரை என்றும் இருவகை உரை எழுதி வந்திருக்கிறார்கள். பதவுரை, சொல்லுக்குச் சொல் அர்த்தம் கூறுவது. பொழிப்புரை, செய்யுள் முழுவதையும் உள்வாங்கிக்கொண்டு அதன் கருத்தைத் தெளிந்த வசனத்தில் சொல்வது. பரீட்சையில் கேட்கப்படுவது பொழிப்புரை. நம் மாணவர்களில் பலர் எழுதி வைப்பதோ பதவுரை. மதிப்பெண் குறைவதற்கு முதற்காரணம் இதுவே.

பரீட்சைகள் கேட்பது என்ன?

சிங்கப்பூரில் ஜி.சி.இ. சாதாரண நிலைப் பரீட்சையின் ஆங்கிலத் தாளில், ஒரு பகுதியைப் படித்து அதன் கருத்துகளை 80 சொற்களுக்கு மிகாமல் சுருக்கி எழுதும் கேள்வி ஒன்று இடம்பெற்று வந்திருக்கிறது. 'கூடியவரை உன் சொந்தச் சொற்களிலேயே எழுது' என்பது அதன் நிபந்தனை. கருத்தறிதல் கேள்விகளிலும் 'இன் யுவர் ஓன் வேர்ட்ஸ்' என்று தனியே குறிப்பிட்டுக் கேட்பதுண்டு. அத்தகைய கேள்விக்குப் பகுதியில் உள்ள சொற்களையே எடுத்து எழுதினால், கருத்து சரியாயிருந்தாலும் மதிப்பெண் கிடையாது. 2027-ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பரீட்சைக்குப் பதிலாக எஸ்.இ.சி. என்ற சான்றிதழ்ப் பரீட்சை என்பது ஏற்பாடு. பெயர் எதுவாயினும், படித்ததைத் தன் சொல்லில் சொல்லத் தெரியாதவர் எந்த ஆங்கிலத் தாளையும் நம்பிக்கையோடு எதிர்கொள்ள முடியாது.

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோர் எம்.யு.இ.டி. எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலப் பரீட்சையை எழுதுகிறார்கள். 1999-இல் தொடங்கிய இப்பரீட்சை கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் சோதிக்கிறது. வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்வோர் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். இதில் கட்டுரை குறைந்தது 250 சொற்கள் கொண்டதாயிருக்க வேண்டும். கேள்வியில் உள்ள வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதினால் அந்தச் சொற்கள் கணக்கில் சேரா. 280 சொற்கள் எழுதிவிட்டதாக ஒருவர் மகிழ்ந்திருப்பார்; அவற்றில் 40 சொற்கள் கேள்வியிலிருந்து எடுத்தவையாயின், அவர் உண்மையில் எழுதியது 240 சொற்களே.

ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுப் பரீட்சையில் இன்னொரு விசேஷம் உண்டு. 11 முதல் 14 நிமிடம் வரை நடைபெறும் அந்த உரையாடலில், வேண்டிய சொல் நினைவுக்கு வராதபோது வேறு சொற்களால் கருத்தை விளக்கும் திறமைக்கும் மதிப்புத் தரப்படுகிறது. 'வேர்ஹவுஸ்' என்ற சொல் வரவில்லையா? 'விற்பனைக்கு அனுப்புமுன் சரக்கைச் சேமித்து வைக்கும் பெரிய கட்டடம்' என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். வாய்மூடி நிற்பவர் இழப்பார். சுற்றிச் சொல்லியேனும் கருத்தைச் சேர்ப்பவர் தப்புவார்.

படித்தல் தாளிலும் இதே கலைதான் வேறு வேடத்தில் வருகிறது. பகுதியில் ஒரு விதமாக எழுதியிருப்பதைக் கேள்வியில் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. ஆகவே சொல்மாற்றிச் சொல்லப் பழகியவர் எழுத்துக்கு மட்டுமன்றி, பேச்சுக்கும் படிப்புக்கும் சேர்த்தே பழகியவராகிறார்.

சொல்லை மட்டும் மாற்றும் பிழை

ஓர் உதாரணம் பார்ப்போம். மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கிற்று. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகை உயர்ந்தது. பழைய கடைகள் பல மூடப்பட்டன. இச்செய்தி ஒரு பரீட்சைத் தாளில் இப்படி வருவதாகக் கொள்வோம்:

'மெனி ஓல்டு ஷாப்ஸ் இன் பினாங் குளோஸ்டு பிகாஸ் ரெண்ட்ஸ் ரோஸ் ஷார்ப்லி ஆஃப்டர் 1999.'

அதாவது, 1999-க்குப் பின் வாடகை கடுமையாக உயர்ந்ததால் பினாங்கில் பழைய கடைகள் பல மூடப்பட்டன. இதை ஒரு மாணவர் இவ்வாறு மாற்றுகிறார்:

'நியூமரஸ் ஏஜ்டு ஸ்டோர்ஸ் இன் பினாங் ஷட் பிகாஸ் லீசஸ் கிளைம்டு ஷார்ப்லி ஆஃப்டர் 1999.'

அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மாற்றுச் சொல் கண்டுபிடித்திருக்கிறார். உழைப்பு பெரிது, பலன் சிறிது. 'ஏஜ்டு' என்பது பெரும்பாலும் வயது முதிர்ந்த மனிதரைக் குறிக்கும் சொல், கடைக்குப் பொருந்தாது. 'லீஸ்' என்பது குத்தகை ஒப்பந்தம். வாடகைப் பணம் அன்று. ஒப்பந்தம் எப்படி உயரும்? இவை போக, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சட்டையை மாற்றினாரேயன்றி ஆளை நகர்த்தவில்லை.

இப்போது இதைப் பாருங்கள்:

'ஆஃப்டர் 1999, எ ஸ்டீப் ரைஸ் இன் ரெண்ட் ஃபோர்ஸ்டு எ லார்ஜ் நம்பர் ஆஃப் பினாங்'ஸ் ஓல்டு ஷாப்ஸ் அவுட் ஆஃப் பிசினஸ்.'

இங்கே வாக்கியம் காரணத்தைக் கொண்டு தொடங்குகிறது. விளைவு பின்னால் வருகிறது. 'உயர்ந்தது' என்ற வினை 'உயர்வு' என்ற பெயராக மாறியிருக்கிறது. 'ரெண்ட்', 'ஷாப்ஸ்', 'ஓல்டு' ஆகிய எளிய சொற்கள் அப்படியே இருக்கின்றன, அதனால் குற்றமில்லை. கருத்தோ சிந்தாமல் வந்து சேர்ந்துவிட்டது.

வேறொருவர் 'பிகாஸ்' என்பதை நீக்கிவிட்டு, 'வாடகை உயர்ந்தது, அதன் பின் கடைகள் மூடப்பட்டன' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொற்கள் மாறிவிட்டன; ஆனால் 'அதனால்' என்பது 'அதன் பின்' என்றாகிவிட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதும், ஒன்றால் மற்றது நடந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். காரணம் சொல்லும் சொல் கீழே விழுந்தால் பொருளின் பாதி எடை விழுந்துவிடும்.

சிறு சொற்களே படிக்கற்கள்

ஒரு வாக்கியத்தில் பெரிய சொற்களைத்தான் மாணவர்கள் கவனிக்கிறார்கள். எடையை நிர்ணயிப்பவை பெரும்பாலும் சிறு சொற்களே. தராசில் சரக்கு எவ்வளவு பெரிதாயினும், எதிர்த்தட்டில் இருக்கும் சிறு படிக்கல்தான் கணக்குச் சொல்கிறது அல்லவா?

சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்தும் பெருவேலை 1977-இல் தொடங்கி 1987-இல் நிறைவுற்றது. ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்கள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. இதைப் பற்றிய ஒரு பகுதியில் இவ்வாறு ஒரு வாக்கியம் வருவதாகக் கொள்வோம்:

'ஆல்தோ தி ரிவர் பிகேம் கிளீன், சம் போட்மென் மே ஹாவ் லாஸ்ட் தேர் லைவ்லிஹுட்.'

ஆறு சுத்தமானபோதிலும், படகுக்காரர் சிலர் பிழைப்பை இழந்திருக்கலாம் என்பது கருத்து. இதில் மூன்று படிக்கற்கள் உள்ளன. 'ஆல்தோ': ஒரு நன்மையும் அதற்கு எதிரான ஒரு தீமையும் சேர்ந்து சொல்லப்படுகின்றன. 'சம்': எல்லாருமல்லர், சிலர். 'மே': நிச்சயமன்று, இருக்கலாம்.

'ஆறு சுத்தமாக்கப்பட்டது, படகுக்காரர்கள் பிழைப்பை இழந்தார்கள்' என்று எழுதுபவர் மூன்று கற்களையும் தவற விட்டவராவார். எழுதியவர் தயங்கிச் சொன்னதை இவர் அடித்துச் சொல்லிவிட்டார். சரியான மாற்று இதுபோல் இருக்கும்:

'தி கிளீன்-அப் மேட் தி வாட்டர் பியூர், பட் இட் பாசிப்லி காஸ்ட் எ நம்பர் ஆஃப் போட்மென் தேர் லிவிங்.'

'ஆல்தோ' என்ற கல் 'பட்' ஆயிற்று. 'சம்' என்பது 'எ நம்பர் ஆஃப்' ஆயிற்று. 'மே' என்பது 'பாசிப்லி' ஆயிற்று. மூன்றும் வேறு வடிவில் இருக்கின்றன, மூன்றும் இருக்கின்றன.

ஆகவே வாக்கியம் எதைப் படித்தாலும் கீழ்க்கண்ட சிறு சொற்களுக்கு அடிக்கோடிடப் பழகுங்கள். அளவைச் சொல்லும் 'ஆல்', 'மோஸ்ட்', 'சம்', 'ஃபியூ', 'ஒன்லி'. நிச்சயத்தைச் சொல்லும் 'வில்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்'. காலத்தைச் சொல்லும் 'விதின்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'பை'. நிபந்தனையைச் சொல்லும் 'இஃப்', 'அன்லெஸ்'. 'விதின் 30 டேஸ்' என்றால் முப்பது நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். 'ஆஃப்டர் 30 டேஸ்' என்றால் முப்பது நாள் கழிந்தபின். கடன் வாங்கிச் சரக்கெடுத்தவருக்கு இந்த வித்தியாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரே விலையா எல்லாச் சொல்லும்?

அகராதியில் அருகருகே நிற்கும் சொற்கள் எல்லாம் ஒரே பொருளுடையவை என்று எண்ணுவது தவறு. 'பிரைஸ்', 'காஸ்ட்', 'வேல்யூ' ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரப் பேச்சில் முதலாவது விற்கும் விலை, இரண்டாவது அடக்கம், மூன்றாவது பெறுமதி. அடக்கத்தை விலையென்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியாவது வைத்துக்கொள்வாரா? 'திரிஃப்டி' என்றால் சிக்கனமானவர். 'ஸ்டிஞ்சி' என்றால் கஞ்சன். ஒன்று புகழ்ச்சி, மற்றது இகழ்ச்சி. 'சீப்' என்பது சில இடங்களில் மலிவு, சில இடங்களில் மட்டம்.

ஆகவே ஒரு புதுச் சொல்லைக் கற்கும்போது அதைத் தனியே கற்காமல், அது வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களோடும், புகழ்கிறதா பழிக்கிறதா என்ற குறிப்போடும் கற்க வேண்டும். ஐயம் இருந்தால் தெரிந்த எளிய சொல்லையே வைத்துக்கொண்டு வாக்கியத்தின் அமைப்பை மாற்றுவது நலம். தெரியாத பெரிய சொல்லைவிடத் தெரிந்த சிறிய சொல் பாதுகாப்பானது.

மாற்றக் கூடாதவையும் உண்டு. ஆட்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு, துறைச்சொல் ஆகியவற்றை மாற்ற முயலுதல் வீண். அரிசியைத் 'தானியம்' என்று எழுதினால் கோதுமையும் உள்ளே வந்துவிடும். ஆனால் தொகையை வேறுவிதமாகச் சொல்லலாம்: 'ஃபிஃப்டி பெர்சென்ட்' என்பதை 'ஹாஃப்' என்றும், 'டுவென்டி ஃபைவ் பெர்சென்ட்' என்பதை 'ஒன் இன் ஃபோர்' என்றும் எழுதலாம். கணக்கில் மதிப்பு ஒன்றுதான்.

செய்யும் முறை

முதலாவது: வாக்கியத்தை மட்டுமன்றிப் பத்தியை முழுவதும் படியுங்கள். யார், என்ன செய்தார், எதனால், எவ்வளவு நிச்சயமாக என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை காணுங்கள். விடை தெரியாமல் பேனாவை எடுக்க வேண்டாம். விளங்காததை எவராலும் வேறு சொல்லில் சொல்ல முடியாது.

இரண்டாவது: பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். மூல வாக்கியம் கண்முன் இருக்கும்வரை அதன் சொற்களே பேனாவில் வந்து ஒட்டிக்கொள்ளும். மூடியபின் கருத்தைத் தமிழில் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொன்ன மாத்திரத்தில் ஆங்கிலச் சொற்களின் பிடி விட்டுப்போகும். கருத்து மட்டும் எஞ்சும். பின் அக்கருத்தை, அந்தப் பக்கத்தைப் படிக்காத ஒருவருக்குச் சொல்வதுபோல் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வரும். தமிழில் சொல்லிப் பார்ப்பது கருத்தை விடுவிக்கவே. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்குவதற்கு அன்று.

மூன்றாவது: வாக்கியத்தை வேறோர் இடத்திலிருந்து தொடங்குங்கள். மூலம் காரணத்தில் தொடங்கினால் நீங்கள் விளைவில் தொடங்குங்கள். வினையைப் பெயராக்குங்கள்: 'டிசைடட்' என்பது 'டிசிஷன்' ஆகும், 'இம்ப்ரூவ்ட்' என்பது 'இம்ப்ரூவ்மென்ட்' ஆகும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கலாம். இரண்டு சிறு வாக்கியங்களை ஒன்றாக்கலாம். நீண்ட ஒன்றை இரண்டாக்கலாம். இவற்றுள் ஏதேனும் இரண்டு செய்தாலே அமைப்பு மாறிவிடும். எதிர்மறையை மட்டும் நிதானமாகக் கையாளுங்கள். 'எல்லாரும் வெற்றி பெறவில்லை' என்பது ஆங்கிலத்தில் 'நாட் ஆல்' என்று வந்தால் சிலர் வென்றார்கள் என்றே பொருள். 'ஆல் ஃபெயில்டு' என்று எழுதினால் வென்றவரையும் தோற்கடித்ததாகும்.

நான்காவது: மூடிய பக்கத்தைத் திறந்து இரண்டையும் எடை போடுங்கள். மூலத்தில் இருந்தது நம்மிடம் விடுபட்டதா? மூலத்தில் இல்லாதது நம்மிடம் நுழைந்ததா? தொடர்ந்து நான்கு ஐந்து சொற்கள் மூலத்தில் உள்ளபடியே வந்திருக்கின்றனவா? வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள்.

சுருக்கி எழுதும் கேள்வியில் இந்த நான்கோடு இன்னொரு படியும் உண்டு. முதலில் கேட்ட கருத்துகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். உதாரணங்களையும் அலங்காரங்களையும் விட்டுவிட வேண்டும். அதன் பின்னரே சொல்மாற்றத் தொடங்க வேண்டும். சொல்மாற்றுவது எடை குறையாமல் பெட்டி மாற்றுவது. சுருக்குவது வேண்டிய சரக்கை மட்டும் எடுத்துக் கட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் 80 சொற்களுக்குள் நிற்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் செய்யக்கூடியது

'நமக்கோ ஆங்கிலம் தெரியாது. பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்க?' என்று ஒதுங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இந்தப் பாடத்தில் மட்டும் அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளை ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் படித்து, அதை மூன்று தமிழ் வாக்கியங்களில் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் அத்தாவோ வாப்பாவோ நான்கு கேள்விகள் கேட்டால் போதும்: 'எல்லாருமா, சிலரா? நிச்சயமா, இருக்கலாம் என்கிறார்களா? எதனால்? எப்போதிலிருந்து?' பிள்ளை திகைத்து மீண்டும் பத்திரிகையைப் பார்க்கும் இடமே, பாடம் நடக்கும் இடம். விலை பேசுகிறவரின் வாயிலிருந்து 'முடியும்', 'பார்க்கலாம்' என்ற இரு சொற்களுக்கிடையே உள்ள தூரத்தை அளந்தறிந்த பெற்றோருக்கு இக்கேள்விகளைக் கேட்க வேறு படிப்பு வேண்டாம்.

இந்தப் பழக்கம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. கடைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

'வி மே கேன்சல் தி பாலிசி அன்லெஸ் பேமென்ட் இஸ் ரிசீவ்ட் பை 30 ஜூன்.'

மகன் படித்துவிட்டு, "அத்தா, ஜூன் 30-ல பாலிசியக் கேன்சல் பண்ணப் போறாங்களாம்" என்கிறான். தகப்பனார் கலங்கிப்போகிறார். அல்லது, "30-ஆம் தேதி பணம் அனுப்பினாப் போதுமாம், அத்தா" என்கிறான். தகப்பனார் நிம்மதியாக இருந்துவிடுகிறார். இரண்டுமே பிழை. முதலாவதில் 'மே', 'அன்லெஸ்' இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாவதில் 'ரிசீவ்ட்' என்ற சொல் விழுந்துவிட்டது. பணம் 30-ஆம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைக்கு அனுப்பினால் போதாது. "ஜூன் 30-க்குள்ள பணம் அவங்க கைக்குப் போய்ச் சேரலேன்னா, பாலிசியக் கேன்சல் பண்ணினாலும் பண்ணுவாங்க, அத்தா" என்பதே சரி. பரீட்சையில் இந்தப் பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். கடையில் தீப்பிடித்த நாளில் என்ன போகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் முன்னோரில் எத்தனையோ பேர் ஆங்கிலத்தில் எழுதிய குத்தகைப் பத்திரங்களுக்கும் கடன் சீட்டுகளுக்கும், பக்கத்தில் நின்றவர் 'இதுதான் விஷயம்' என்று சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பத்திரத்தில் அவர்கள் அறிந்தது அவ்வளவே. சொன்னவர் ஒரு 'மே'யை விட்டிருந்தால், ஒரு 'ஒன்லி'யைச் சேர்த்திருந்தால், அதன் பாரம் கையெழுத்திட்டவர் தலையில்தான். பிறருடைய சொல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் போன்றது. கூட்டாமல் குறைக்காமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும். பரீட்சைக்காகக் கற்கும் இப்பாடத்தின் முழுப் பயன் அங்கேதான் இருக்கிறது.

மனப்பாடம் பற்றி ஒரு சொல்

மனனம் செய்வதில் நம் பிள்ளைகள் திறமைசாலிகள். அது பெரும் செல்வம். சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் சேர்த்து வைக்க அது மிக உதவும். ஆனால் முழுக் கட்டுரைகளையும் தயார் வாக்கியங்களையும் மனனம் செய்துகொண்டு போய்ப் பரீட்சைத் தாளில் இறக்கி வைப்பது பயன்படாது. கேள்வி ஒரு திசையில் நிற்க, விடை வேறு திசையில் நிற்கும். திருத்துவோர் எளிதில் கண்டுகொள்வார்கள். கேட்ட அளவுக்குத் துணி வெட்டிக் கொடுப்பவரே வியாபாரி.

தினப் பயிற்சி

கடை வேலையோடு படிப்பவர்களுக்கு நேரம் குறைவு என்பதை அறிவோம். தினம் அரைமணி நேரம் போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பற்று வரவுக் கணக்குப்போல் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தில் மூல வாக்கியம். வலது பக்கத்தில் உங்கள் வாக்கியம். நாள் ஒன்றுக்கு மூன்று வாக்கியம் எழுதினால் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 270 வாக்கியம் சேரும். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி நிற்கின்றனவா என்று வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரிடமோ, ஆங்கிலம் கற்ற நண்பரிடமோ காட்டுங்கள்.

தொடங்குவதற்கு மூன்று வாக்கியங்களும் அவற்றுக்கு ஒவ்வொரு விடையும் கீழே தரப்படுகின்றன. விடையை மறைத்துக்கொண்டு நீங்களே முயன்றபின் பாருங்கள். உங்கள் விடை வேறாக இருக்கலாம். எடை ஒன்றாக இருந்தால் அதுவும் சரியே.

1. 'மோஸ்ட் கஸ்டமர்ஸ் பே இன் கேஷ், பட் எ ஃபியூ ஸ்டில் ஆஸ்க் ஃபார் கிரெடிட்.' பெரும்பாலோர் ரொக்கம் தருகிறார்கள். சிலர் இன்னமும் கடன் கேட்கிறார்கள்.
விடை: 'ஆல்தோ எ ஸ்மால் நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ் ஸ்டில் வான்ட் கிரெடிட், தி மெஜாரிட்டி செட்டில் இன் கேஷ்.' 'ஸ்டில்' என்ற கல்லை விடாதது கவனிக்கத்தக்கது.

2. 'தி ஷாப் வில் நாட் ஓபன் அன்டில் தி லைசென்ஸ் அரைவ்ஸ்.' லைசென்ஸ் வரும்வரை கடை திறக்கப்படாது.
விடை: 'தி ஷாப் வில் ஸ்டே குளோஸ்டு டில் இட் கெட்ஸ் இட்ஸ் லைசென்ஸ்.' 'திறக்காது' என்பது 'மூடியிருக்கும்' என்றாயிற்று.

3. 'நாட் ஆல் டிரேடர்ஸ் அக்ரீட் டு ரெய்ஸ் பிரைசஸ்.' விலையை உயர்த்த எல்லா வியாபாரிகளும் ஒப்பவில்லை.
விடை: 'ரெய்சிங் பிரைசஸ் டிட் நாட் வின் தி கன்சென்ட் ஆஃப் எவ்ரி டிரேடர்.' ஒருவரும் ஒப்பவில்லை என்று எழுதுவது பெரும்பிழை.

அன்பர்களே! ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிந்தும் பரீட்சையில் பின்தங்கி, 'படிப்பு நமக்கு வராது' என்று கல்லாப்பெட்டிக்குத் திரும்பிவிடும் இளைஞர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது அறிவன்று. ஒரு சிறு பழக்கம். கடைக்கு வருபவர் மலாயில் கேட்டதை உள்ளே இருப்பவரிடம் தமிழில் சொல்லி, சப்ளையருக்கு ஆங்கிலத்தில் எழுதி, ஒரு மூட்டை கூடாமலும் குறையாமலும் வரவழைக்கும் அதே இளைஞர், அதே கவனத்தைத் தாளிலும் வைத்தால் போதும். இன்று இரவு கடை அடைத்தபின் நோட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.